இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு ‘முளைவேர்’னு வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

லினக்ஸ் பூட் ஆகறப்போ மொதல்ல வர்ற தற்காலிகக் கோப்பு முறைமைதான் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs). அத அப்படியே ‘தொடக்க நினைவகக் கோப்பு முறைமை’ன்னு தமிழாக்கறது தப்பில்ல, ஆனா யார் வாய்லயும் நிக்காது. அது என்ன வேலை பாக்குதோ அத வச்சு பேர் வைப்போம்னு நெனைக்கறேன்.

போன வாரம் ரூட் பார்ட்டிஷன (சிஸ்டம் ஃபைலெல்லாம் இருக்கற டிஸ்க் பகுதி) புதுசா ஃபார்மட் பண்ணி ஃபைலெல்லாம் திரும்ப காப்பி போட்டேன், பூட் தனி பார்ட்டிஷன், அதத் தொடல. ரூட்டோட அடையாள நம்பரான யுயுஐடி மாறிடுச்சு, மெஷின் தொடங்கறப்போ லினக்ஸ ஏத்தற க்ரப்ல பழைய நம்பர்தான் இருக்கு. மெஷின் கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு அந்த யுயுஐடி இல்லன்னு சொல்லி, இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு ப்ராம்ப்ட்ல வந்து நின்னுச்சு. அங்க பிஎல்கேஐடி (blkid, யுயுஐடி காட்ற கமாண்ட்) அடிச்சா புது நம்பர் தெரியுது. கெர்னல் (லினக்ஸோட மையம்) ஓடுது, ஷெல்லும் (கமாண்ட் வாங்கற ப்ரோக்ராம்) ஓடுது, நிஜ ரூட் மட்டும் வரல, அப்போ அந்த ஷெல் எதுமேல நிக்குது?

ராம்ல விரிச்ச ஒரு குட்டி ரூட் மேலதான். கெர்னல் ஒரு சிபிஐஓ (cpio, பல ஃபைல ஒண்ணாக் கட்டற வடிவம்) பொட்டலத்த மெமரில பிரிச்சு உள்ள இருக்கற இனிட்ட (init, மொதல்ல ஓடற ப்ரோக்ராம்) ஓட்டும், அது டிஸ்க் டிரைவர ஏத்தி, எல்விஎம்மோ (டிஸ்க் எடத்தப் பிரிச்சுக் குடுக்கற அடுக்கு) என்கிரிப்ஷனோ இருந்தா தொறந்து, க்ரப் கெர்னலுக்கு அனுப்பற கமாண்ட் லைன்ல ரூட்னு குடுத்தத தேடிப் புடிச்சு மவுண்ட் பண்ணும் (சிஸ்டத்தோட இணைக்கும்), சுவிட்ச்ரூட் (switch_root, நிஜ ரூட்டுக்கு மாறறது) நடக்கறப்போ தன்னோட ஃபைலெல்லாம் அழிஞ்சு நிஜ ரூட்டுக்கு எடம் விட்ரும்.

நெல்லு இப்டித்தான் வளருது. விதைலேர்ந்து மொதல்ல எறங்கறது முளைவேர், அது கொஞ்ச காலம்தான், அப்றம் தண்டோட அடிலேர்ந்து சல்லிவேர் கெளம்பி பயிரத் தாங்கும். ஸ்கூல் தாவரவியல் பாடத்துல ஏற்கனவே இருக்கற சொல்லு, புதுசா ஒட்டுப்போட வேண்டியதில்ல. ரூட்டுக்கு ‘வேர்’னு வச்சா ரெண்டும் கூடவே வந்துரும்.

மவுண்டுக்கு ‘ஏற்று’ வேணாம்னு அழுத்தமா சொல்றேன், லோடுக்கும் அதான் சொல்றோம். டிரைவர ஏத்தி ரூட்ட ஏத்தின்னு எழுதிப் பாருங்க, படிக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே வேலையாத் தெரியும். அந்தக் காலத்துல டிஸ்க் பேக்க கையால எடுத்து டிரைவ்ல மாட்டினாங்க, அதுலேர்ந்து வந்த பேர்தான் மவுண்ட். ‘பொருத்து’ சரியா இருக்கும், அன்மவுண்டுக்கு ‘கழற்று’.

இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு முன்னாடி இருந்த பழைய இனிட்ஆர்டி (initrd) உள்ளமைப்புல வேற, அது ஒரு டிஸ்க் இமேஜ் மாதிரி, ஆனா வேலை ஒண்ணுதான், அதனால முளைவேர் ரெண்டுக்கும் போதும். சுவிட்ச்ரூட்டுக்கு ‘வேர்மாற்று’ன்னு தோணுது, ஆனா பிவட்ரூட் (pivot_root, ரூட்ட மாத்தற இன்னொரு வழி) பழைய ரூட்ட அழிக்காம வேற எடத்துக்கு நகத்தி வைக்கும், அத இதுலேர்ந்து பிரிச்சுக் காட்ற மாதிரி ஒரு சொல் யார்ட்டயாச்சும் இருந்தா எழுதுங்க.