சிஆர்பி குறைய நடையா, எடைப் பயிற்சியா?

கேள்வி: சர்க்கரையும் தொப்பையும் உள்ள 50 வயதுக்காரர். எச்எஸ்-சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம்) லிட்டருக்கு 3.8 மில்லிகிராம். ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் நாள் எடுத்த ரத்தம். அழற்சி குறைய எந்தப் பயிற்சி நல்லது?

பதில் 1: முதலில் அந்த ரிசல்ட்டை நம்ப வேண்டாம். பழக்கமில்லாத உடம்பு ஸ்குவாட்டில் (உட்கார்ந்து எழும் பயிற்சி) எடையோடு கீழே இறங்கும்போது தசை இழைகள் நுண்ணிய அளவில் கிழியும்; அதைச் சரிசெய்யும் வேலையிலேயே சிஆர்பி சில நாள் ஏறி நிற்கலாம். ஒரு வாரம் கடும் பயிற்சி இல்லாமல், சளி, காய்ச்சல், ஈறு வீக்கம் எதுவும் இல்லாதபோது மறுபடி எடுங்கள். 10-க்கு மேல் போனால் தொற்று இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும்.

பதில் 2: இரண்டும் வேண்டும். வயிற்றுக்குள் தேங்கிய கொழுப்புதான் அழற்சிப் புரதங்களை ஓயாமல் சுரக்கிறது. அதைக் கரைக்க வாரம் 5 நாள், 30 நிமிட வேகநடை. பேச முடியணும், பாட முடியக்கூடாது. கூடவே 2 நாள் எடைப் பயிற்சி. கொழுப்பு சுரக்கும் அழற்சிப் புரதங்களில் ஒன்றான ஐஎல்-6-ஐ சுருங்கும் தசையும் விடும், ஆனால் தசை விடுவது ஐஎல்-10 போன்ற அழற்சி தணிக்கும் பொருட்களைத் தூண்டும். இடுப்புச் சுற்றளவு இறங்காமல் சிஆர்பி பெரிதாக இறங்காது, எச்ஐஐடி (இடைவெளி விட்டுச் செய்யும் அதிவேகப் பயிற்சி) செய்தாலும்.

பதில் 3: ஆரம்பத்தில் எடைப் பயிற்சி ஒவ்வொன்றும் 2 செட், 10 முறை, இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். வலிக்குமே என்று முன்கூட்டியே டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி, சிகே டெஸ்ட் (தசை சிதைந்திருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை).