வேறு வேறு அறைகளில் இரண்டு புரொஜெக்டர் டெமோ: எதை நம்பி முடிவெடுப்பது?

வெண்திரை:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஓர் அறையைத் தியேட்டராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். 120 இன்ச் திரை, 16:9, கெயின் (விழும் ஒளியைத் திரை எவ்வளவு பளிச்சென்று திருப்பி அனுப்புகிறது என்ற அளவு) 1.0. சுவர்களுக்கு அடர் சாம்பல் நிறம் அடித்தாகிவிட்டது, சீலிங் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது.

இரண்டு லேசர் புரொஜெக்டர்களுக்கு டெமோ பார்த்தேன். வெளிவரும் ஒளியின் அளவு இரண்டிலுமே 2,500 லூமன் என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்று சிங்கிள் சிப் டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகள் கொண்ட ஒரே சிப்பால் படம் காட்டுவது), 100 இன்ச் திரையில் ஓடியது, அந்தத் திரையின் கெயின் 1.3. படம் பளிச்சென்று இருந்தது. மற்றது எல்காஸ் (LCoS, சிலிக்கான் மேல் திரவப் படிகம் கொண்ட சிப்) வகை, 150 இன்ச் திரை, கெயின் 1.0. எல்லோரும் புகழ்கிற மாடல் அது, ஆனால் எனக்கு மங்கலாகத்தான் பட்டது. இரவுக் காட்சிகளில் மட்டும் ஏதோ ஓர் ஆழம் தெரிந்தது. இரண்டு இடத்திலும் அவர்கள் வைத்திருந்த படங்களைத்தான் போட்டார்கள்.

மறுபடி ஒரு முறை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது எதைப் பார்க்க வேண்டும்? எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

நிழற்கோடு:
வெள்ளை சீலிங் இருக்கிற அறையில் கான்ட்ராஸ்டுக்கு, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, காசு கொட்டுவது வீண். பளிச்சென்று இருப்பதையே எடுங்கள்.

இருட்டறை:
நிழற்கோடு சொல்வதில் பாதிதான் சரி, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மங்கல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

திரையின் வெளிச்சத்தை நிட்ஸில் (கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அலகு) கணக்கிட லூமனைக் கெயினால் பெருக்கி, திரையின் பரப்பாலும் (சதுர மீட்டரில்) 3.14 ஆலும் வகுக்க வேண்டும். 100 இன்ச் திரை சுமார் 2.76 சதுர மீட்டர், 150 இன்ச் சுமார் 6.2. அதே 2,500 லூமன் முதல் அறையில் 375 நிட்ஸ் அளவுக்கு வரும், இரண்டாவது அறையில் 128தான். ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம், அவ்வளவும் திரையால் வந்தது. உங்கள் 120 இன்ச்சில் இரண்டுமே 200 பக்கம் நிற்கும். நிறம் ஒழுங்காக இருக்கும் மோடுக்கு மாற்றினால் இன்னும் குறையும். அப்படிக் குறைந்தாலும் பயமில்லை: திரையரங்குகளுக்கான டிஜிட்டல் சினிமா தரம் சாதாரணப் படங்களுக்குக் கேட்பதே 48 நிட்ஸ்தான்.

அதனால் இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 150 இன்ச் திரையில் ஜூமைக் குறைத்து 100 இன்ச்சுக்குச் சுருக்கலாம், படத்தின் கோணலை டிஜிட்டலாகச் சரிசெய்யும் கீஸ்டோன் மட்டும் வேண்டாம். இரண்டிலும் சினிமா மோடு இருக்கட்டும். போட்டு அரை மணி நேரம் ஓடிய பிறகு உட்காருங்கள், விளக்கணைத்துப் பத்து நிமிடமாவது கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். போனில் படம் எடுத்து ஒப்பிடாதீர்கள், கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்.

ஒளிப்படலம்:
படங்களை நீங்களே கொண்டு போங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டெமோவுக்கென்றே வைத்திருக்கும் மலையும் கடலும் எந்தப் புரொஜெக்டரிலும் அழகாகத்தான் தெரியும். உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த ஒரு படம் போதும். அதில் சாதாரண அறை வெளிச்சத்தில் முகங்கள் வரும் காட்சி ஒன்று, மேகமோ விளக்கோ தெரியும் எச்டிஆர் (மிகப் பிரகாசமான இடம் முதல் இருட்டு வரை கூடுதல் விவரம் தாங்கும் வகை) காட்சி ஒன்று. எச்டிஆர் படங்களை 1,000 அல்லது 4,000 நிட்ஸ் திரையை வைத்து மாஸ்டர் செய்கிறார்கள், அதாவது இறுதி வடிவம் கொடுக்கிறார்கள். புரொஜெக்டருக்கு அந்த உயரம் எட்டாது, அதைத் தன் அளவுக்குள் அடக்க வேண்டும், இதுதான் டோன் மேப்பிங். மேகத்தின் மடிப்புகள் வெளுத்துப்போகின்றனவா, அல்லது அவற்றைக் காப்பாற்றப் போய் முழுப் படமும் இருண்டுவிடுகிறதா என்று பாருங்கள். விலை உயர்ந்த மாடல்களுக்குள் பெரிய வித்தியாசம் இங்கேதான். பிளேயரிலேயே டோன் மேப்பிங் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இருட்டறை:
இப்போது கான்ட்ராஸ்ட். முழுக் கறுப்பைக் காட்டி "பாருங்கள், திரையே தெரியவில்லை" என்பார்கள். அதை நம்ப வேண்டாம், அங்கே புரொஜெக்டர் லேசரையே அணைத்துவிடுகிறது. படம் முடிந்து கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடுமே, அதைப் போடச் சொல்லுங்கள். பிறகு காட்சிக்கேற்ப லேசரைக் கூட்டிக் குறைக்கும் டைனமிக் லேசர் வசதியை ஆஃப் செய்து அதையே மறுபடி பாருங்கள். பின்னணி சாம்பலாகத் தெரிந்தால் அதுதான் அந்தப் புரொஜெக்டரின் உண்மையான கறுப்பு.

நிழற்கோடு சொன்னதற்கு வருகிறேன். வெளிச்சமும் நிழலும் கலந்த காட்சியில் வெள்ளை சீலிங்கில் பட்ட ஒளி திரும்பத் திரையில் விழுந்து கறுப்பைக் கெடுக்கும், அங்கே எந்தப் புரொஜெக்டரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முழுக்க இருண்ட காட்சியில் சீலிங்குக்குப் போகிற ஒளியே சொற்பம். அந்த ஆழம் உங்கள் அறையிலும் தெரியும்.

இன்னொன்று, சிங்கிள் சிப் டிஎல்பியில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். சிலர் கண்ணுக்கு எழுத்தோரத்தில் வானவில் மின்னும், சிலருக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் யாரெல்லாம் பார்ப்பார்களோ அவர்களையும் அழைத்துப் போங்கள்.

வெண்திரை:
மிக்க நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன். 100 இன்ச்சுக்குச் சுருக்கியதும் எல்காஸின் மங்கல் போய்விட்டது. வெள்ளை எழுத்தில் டிஎல்பியின் பின்னணி தெளிவாகவே சாம்பல், எல்காஸில் அப்படி இல்லை. முகங்களும் எல்காஸில்தான் இயல்பாக இருந்தன. என் மனைவிக்கு டிஎல்பியில் வானவில் உடனே தெரிந்தது.

ஒரே ஒரு நெருடல். கேமரா பக்கவாட்டில் நகரும்போது எல்காஸில் படம் விட்டுவிட்டு அதிர்கிறது. டிஎல்பியில் வழுக்கிக்கொண்டு போகிறது. இது குறையா?

ஒளிப்படலம்:
குறையாக இருக்க வாய்ப்புக் குறைவு. சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம், அந்த அதிர்வு படத்திலேயே உள்ளதுதான். டிஎல்பியில் இடையில் ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் வசதி ஆன் ஆகியிருக்கும். இரண்டிலும் அதை அணைத்து ஒரு தடவை, குறைந்த அளவில் வைத்து ஒரு தடவை பாருங்கள். பிளேயர் 24 ஹெர்ட்ஸில் அனுப்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் போனால் அதிர்வு கூடுதலாகத் தெரியும்.

வெண்திரை:
பிளேயர் 60 ஹெர்ட்ஸில்தான் இருந்திருக்கிறது! 24க்கு மாற்றியதும் உறுத்தல் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சமிருந்ததற்கு இடைஃப்ரேம் வசதியை மிகக் குறைவாக வைத்தால் போதுமாக இருக்கிறது. எல்காஸையே எடுக்கிறேன். சீலிங் முழுவதும் கறுப்பாக்க வீட்டில் சம்மதம் இல்லை, என்ன செய்யலாம்?

இருட்டறை:
முழுவதும் வேண்டாம். திரையை ஒட்டி முதல் இரண்டு மீட்டருக்கு மட்டும், பளபளப்பு இல்லாத மேட் பெயிண்ட், அடர் நிறம். பெயிண்ட்டும் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் கறுப்பு வெல்வெட் துணியை இழுத்துக் கட்டலாம், படம் பார்க்காதபோது கழற்றிவிடலாம்.