மாடி ஏறினால் அறுந்துபோகும் வைஃபை

கேள்வி: இரண்டு தளங்களிலும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட ஆக்சஸ் பாயிண்டுகளை (வைஃபை சிக்னல் பரப்பும் கருவிகளை) வைத்திருந்தும், வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறினால் அழைப்பு அறுந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: எந்த ஆக்சஸ் பாயிண்டுடன் இணைவது என்பதைத் தீர்மானிப்பது கைபேசிதான்; ஐபோன், சிக்னல் வலிமை -70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகே வேறொன்றைத் தேடத் தொடங்கும். ஆகவே, பலரும் செய்வதற்கு நேர்மாறாக, தூரத்து சிக்னலையே கைபேசி பற்றிக்கொண்டிருக்காதபடி இரண்டின் டிரான்ஸ்மிட் பவரையும் (சிக்னல் அனுப்பும் வலிமையையும்) குறைத்து, ஒன்று மற்றதில் குறுக்கிடாமலிருக்க 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11 என ஒதுக்குங்கள்.

பதில் 2: மாடியில் இருப்பது பழைய ரவுட்டரா? அப்படியானால் அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் வசதியை) அணைத்துவிட்டு, கேபிளை வான் போர்ட்டிலிருந்து (இணைய இணைப்புக்கானது) லான் போர்ட்டுக்கு (வீட்டுக் கருவிகளுக்கானது) மாற்றுங்கள். இல்லையேல் தளம் மாறும்போதெல்லாம் கைபேசியின் ஐபி முகவரியும் மாறி, அழைப்பு அறுந்துவிடும்.

கேட்டவர்: அதேதான். கீழே 192.168.1.5 என்றிருந்த முகவரி மாடியில் 192.168.0.5 ஆகிக்கொண்டிருந்தது. மாற்றியபின் அழைப்பு அறுவதில்லை. படித்திருப்பத்தில் மட்டும் குரல் சற்றுத் தடுமாறுகிறது.

பதில் 1: இரு கருவிகளிலும் 802.11ஆர் வசதி (ஆக்சஸ் பாயிண்ட் மாறும்போது விரைவாக இணைய உதவுவது) இருந்தால் அதையும் இயக்கிப் பாருங்கள்.