4 வயதுப் பேரனோடு ஆர்.வி.யில் கிராண்ட் கேன்யன்: கார் சீட்டை எங்கே கட்டுவது?

பீனிக்ஸ்வாசி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் நானும் மனைவியும் (67, 63 வயது) 4 வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு பீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குப் போகலாம் என்றிருக்கிறோம். மகனும் மருமகளும் வரவில்லை. ஐந்து இரவுகள். 25 அடி கிளாஸ் சி மோட்டார் ஹோம் (டிரைவர் கேபினுக்குப் பின்னால் வீட்டுப் பகுதி கட்டிய ஆர்.வி., அதாவது வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். "ஐந்து பேருக்கு சீட் பெல்ட் உண்டு" என்று போட்டிருக்கிறார்கள். பையன் 17 கிலோ.

கார் சீட்டை எங்கே கட்டுவது? டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் படுக்கையில் அவனைத் தூங்கவைக்கலாமா? வண்டிக் கழிப்பறை எங்களுக்கே புதிது, அவனுக்கு எப்படிப் பழக்குவது? எனக்கு பி.பி., மனைவிக்குச் சர்க்கரை. பருப்புச் சோறும் ரசமும் இல்லாமல் பையன் சாப்பிட மாட்டான், அதனால் சமையல் வண்டியிலேயேதான். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சக்கரவீடு

ஐயா, முதலில் பையன் உட்காரப்போகும் இடத்தை முடிவு செய்யுங்கள். எந்த வண்டி என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"ஐந்து சீட் பெல்ட்" என்ற வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கிளாஸ் சி-யில் முன்னால் உள்ள இரண்டு இருக்கைகள்தான் வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வருபவை. பின்னால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருக்கும் பெஞ்சுகளை வைப்பது வீட்டுப் பகுதியைக் கட்டும் நிறுவனம். பல வண்டிகளில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் கீழே ப்ளைவுட் பெட்டிதான் இருக்கும். நல்ல கார் சீட் வாங்கி இறுக்கிக் கட்டிவிடலாம், ஆனால் மோதலில் அந்தப் பெட்டியே பெயர்ந்து வந்தால் கட்டியதற்கு அர்த்தமில்லை.

வாடகைக்குக் கொடுப்பவரிடம் மெத்தையைத் தூக்கி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெல்ட்டின் அடிமுனை எஃகுச் சட்டத்தில் போல்ட் போட்டிருக்க வேண்டும். பலகையில் திருகியிருந்தால் அந்த வண்டி வேண்டாம். பெஞ்சு வண்டி போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கவாட்டு சோபாவிலும் பின்னோக்கிய பெஞ்சிலும் கார் சீட் கட்டவே கூடாது. அடுத்து, முன்னோக்கிய கார் சீட்டின் தலைப்பகுதியிலிருந்து வரும் டெதர் பட்டையை மாட்டக் கொக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். மோட்டார் ஹோம்களில் பெரும்பாலும் இருக்காது. அது இல்லாவிட்டால் மோதும்போது குழந்தையின் தலை இன்னும் அதிக தூரம் முன்னால் வீசப்படும். இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள இடத்தில் ஐந்து முனைப் பட்டையுள்ள கார் சீட்டைக் கட்டலாம், பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) கூடாது. பூஸ்டருக்குத் தோள் பெல்ட் கட்டாயம். முன் இருக்கையில் ஏர்பேக் இருப்பதால் அங்கேயும் வேண்டாம்.

இத்தனைக்கும் ஒத்துவரும் வாடகை வண்டி கிடைப்பது அபூர்வம். அதனால் என் யோசனை: நீங்கள் ஆர்.வி.யை ஓட்டுங்கள், உங்கள் மனைவி உங்கள் காரில் பையனைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பின்னால் வரட்டும். டெதர், தோள் பெல்ட் எல்லாம் காரில் முறையாக இருக்கும். முகாமில் ஆர்.வி.யை மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் என்று இணைத்து நிறுத்திய பிறகு, பால் வாங்கவோ டாக்டரிடம் போகவோ அத்தனையையும் கழற்ற வேண்டியதில்லை. எரிபொருள் செலவு கூடும், இரண்டு பேரும் ஓட்டியாக வேண்டும், ஆகவே ஒரு நாள் ஓட்டும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் இழுப்பது இன்னொரு வழி, பையன் அப்போதும் காரில்தான் இருப்பான். ஆனால் இழுத்துப் பழகாதவர்கள் ஐ-17 மலைச்சாலையில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

மலர்விழி

சீட் விஷயத்தில் மேலே சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் வண்டிக்கு உள்ளே நடப்பவற்றைச் சொல்கிறேன் அண்ணா.

மேல் படுக்கை வேண்டாம். 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை எந்த மேல்தட்டுப் படுக்கையிலும் படுக்கவைக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் ஏணியைத் தேடி விழுவார்கள், கீழே மேசை முனை இருக்கும். சாப்பாட்டு மேசையை இறக்கினால் படுக்கையாகிவிடும், அதில் திறந்த பக்கம் வலைத் தடுப்பு வைத்துப் படுக்கவையுங்கள். வாசற்கதவை உள்ளிருந்து ஒரு சிறுவன் எளிதாகத் திறந்துவிடலாம். இரவில் மேல் தாழையும் போட்டு, கைப்பிடியில் ஒரு சின்ன மணியைக் கட்டிவிடுங்கள்.

கழிப்பறையில் காலால் அமுக்கும் பெடல் இருக்கும். பாதி அமுக்கினால் தண்ணீர் மட்டும் வரும், முழுதாக அமுக்கினால் அடிவாய் திறக்கும். முதலில் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, பிறகு உட்காரவைத்து, முடிந்ததும் பெடலை நீங்கள் அமுக்குங்கள். அவன் காலுக்கு அந்த வலு இருக்காது. வீட்டில் பயன்படுத்தும் சிறுவர் சீட்டையே எடுத்துப் போங்கள். ஒற்றை அடுக்குப் பேப்பர் மட்டும் உள்ளே போகலாம். வெட் வைப்ஸ் ஒன்றுகூடப் போகக் கூடாது, "ஃப்ளஷ் செய்யலாம்" என்று உறையில் எழுதியிருந்தாலும் சரி.

முகாமில் கழிவுக் குழாய் இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவுத் தொட்டி) வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்கள். அது தப்பு. நீர் மட்டும் ஓடிப்போய், திடக்கழிவு அடியில் மேடாகக் குவிந்து இறுகிவிடும், பிறகு எதற்கும் அசையாது. மூடி வைத்திருந்து, முக்கால் பங்கு நிறைந்ததும் திறந்துவிடுங்கள். முதலில் பிளாக், அதன் பிறகு கிரே (சமையல், குளியல் நீர்த் தொட்டி), அந்த நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை போட்டு ஒருவர் செய்யும்போது பையன் மற்றவரோடு உள்ளே இருக்கட்டும்.

குடிநீர்த் தொட்டியை முன்பு எடுத்தவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. 15 கேலனுக்குக் கால் கப் வாசனையில்லாத சாதாரண ப்ளீச், 40 கேலன் தொட்டி என்றால் முக்கால் கப்பிற்குச் சற்றுக் குறைவு. அதை ஒரு குடம் தண்ணீரில் கலந்து ஊற்றி, தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயிலும் ப்ளீச் வாடை வரும்வரை திறந்துவிட்டு, 4 மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை அலசுங்கள். புறப்படுவதற்கு முந்தின நாளே வண்டி கைக்கு வந்தால்தான் இதற்கு நேரம் கிடைக்கும். வெந்நீர் 6 கேலன்தான், ஆனால் கொதிக்கக் கொதிக்க வரும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர்.

இதைக் கவனமாகப் படியுங்கள். கிழமை வாரியாக மாத்திரை போடும் டப்பாவை நான்கு வயதுப் பையன் ஒரு நொடியில் திறப்பான். சர்க்கரைக்கான கிளிமெபிரைடு, கிளிபிசைடு, பி.பி.க்கான அம்லோடிபின் போன்றவை ஒன்றிரண்டு உள்ளே போனாலே குழந்தைக்கு ஆபத்து. வீட்டில் உயரமான அலமாரி இருக்கும், வண்டியில் அந்த மாத்திரை மேசையிலோ கைப்பையிலோதான் கிடக்கும். பூட்டுள்ள சின்னப் பெட்டி வாங்கி, வண்டியில் ஏறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுங்கள். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் 1-800-222-1222 என்ற விஷமுறிவு எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். மயக்கம் இருந்தால் நேராக 911.

மலைப்பாதை

பாதையும் சமையலும்.

பீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரம், வழியில் வரும் ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் சுமார் 7,000 அடி. ஐ-17 நெடுஞ்சாலை இந்த ஏற்றத்தை ஒரே சீராக ஏறுவதில்லை. ஏறி, வெர்டி பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறும். ஏற்றத்தில் எஞ்சின் சூட்டு முள் மேலே போனால் ஏ.சி.யை அணைத்துவிட்டு வலது ஓரப் பாதையில் மெதுவாகப் போங்கள். இறக்கத்தில் கியர் கம்பியில் உள்ள டோ/ஹால் பட்டனைப் போட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆகவே அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள்.

ஆர்.வி.க்காரர்கள் சொல்லும் கணக்கு 2-2-2: ஒரு நாளில் 200 மைலுக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 2 மணிக்குள் போய்ச் சேர், ஓர் இடத்தில் 2 இரவாவது தங்கு. உங்களுக்குத் தூரம் அதைவிடக் குறைவாகவே போதும். முதல் இரவு காட்டன்வுட் ஊரின் டெட் ஹார்ஸ் ரான்ச் மாநிலப் பூங்கா, பீனிக்ஸிலிருந்து நூறு மைல் அளவு. சுமார் 3,300 அடி உயரம் என்பதால் உடம்பும் படிப்படியாகப் பழகும். மறுநாள் ஐ-17க்கே திரும்பி, ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து ஐ-40 வழியாக வில்லியம்ஸ், அங்கிருந்து 64ஆம் சாலையில் வடக்கே. செடோனா வழியாக 89ஏ-யில் ஏற வேண்டாம், ஓக் க்ரீக் பள்ளத்தாக்கின் கொண்டையூசி வளைவுகள் இந்த நீள வண்டிக்கு ஆகாது.

தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் என்ற ஆர்.வி. முகாமில் இடம் எடுங்கள். மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் உண்டு. மேதர் முகாமில் இணைப்பு எதுவும் கிடையாது, 30 அடி வரைதான் வண்டி நுழையும். விளிம்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் 1960களில் போட்டது, அடிக்கடி உடைந்து தட்டுப்பாடு வரும். வில்லியம்ஸிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு போங்கள்.

விளிம்பின் 7,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு கரையவே கரையாது, சோறு நடுவில் விதைபோல நிற்கும். குக்கர் கட்டாயம். பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். எலெக்ட்ரிக் குக்கர் என்றால் நேரத்தைக் கால் பங்கு கூட்டுங்கள். 30 ஆம்ப் இணைப்பு 3,600 வாட்தான் தாங்கும். ஏ.சி. 1,500, வெந்நீர் ஹீட்டர் மின்சாரத்தில் ஓடினால் 1,400, குக்கர் 1,000, மூன்றும் சேர்ந்தால் ட்ரிப் ஆகும். சமைக்கும்போது ஹீட்டரை புரொப்பேன் கேஸுக்கு மாற்றிவிடுங்கள். தாளிக்கும்போது மேலே உள்ள காற்றாடியும் ஒரு ஜன்னலும் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் புகை அலாரம் அடிக்கும்.

அக்டோபர் இரவில் பனி உறையும் அளவுக்குக் குளிரும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். ஃபர்னஸ் (வண்டியை வெதுவெதுப்பாக்கும் ஹீட்டர்) போதும். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே கார்பன் மோனாக்சைடு, கேஸ், புகை அலாரம் மூன்றையும் அமுக்கிச் சோதித்து, பின்னால் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

பீனிக்ஸ்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியிடம் பேசிவிட்டேன், காரில் பையனை அவளே கூட்டி வருகிறாள். பெற்றோர் இல்லாமல் போவதால் ஏதாவது காகிதம் வேண்டுமா? எங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறது. விளிம்பில் பையனைச் சமாளிப்பதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மலர்விழி

காகிதம் என்றால் அண்ணா, அவன் அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை வைத்த சம்மதக் கடிதம். "எங்கள் மகனுக்கு மருத்துவம் பார்க்கச் சம்மதிக்க இவர்களுக்கு அதிகாரம் உண்டு" என்ற வரி அதில் இருக்க வேண்டும். அவசர சிகிச்சையை யாரும் மறுக்க மாட்டார்கள். சாதாரணக் காய்ச்சல், தையல் என்று வரும்போதுதான் இந்தக் கடிதம் கேட்பார்கள். காப்பீட்டு அட்டையின் இரு பக்க நகல், ஒவ்வாமை விவரம், அவன் எடை (மருந்தின் அளவுக்கு) மூன்றையும் அதோடு சேர்த்து வையுங்கள். பூங்காவுக்குள் ஒரு கிளினிக் உண்டு, ஆஸ்பத்திரி என்றால் ஃபிளாக்ஸ்டாஃப்தான், சுமார் 80 மைல்.

62 வயது தாண்டிய கிரீன் கார்டுக்காரர்களுக்கு வாழ்நாள் சீனியர் பாஸ் 80 டாலர். நுழைவுக் கட்டணம் அதில் அடங்கிவிடும். டிரெய்லர் வில்லேஜ் தனியார் ஒப்பந்தத்தில் நடப்பது, அங்கே சலுகை உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

விளிம்பில் பெரும்பகுதிக்குக் கம்பித் தடுப்பு கிடையாது. கையைப் பிடிப்பதற்குப் பதில் மணிக்கட்டைப் பிடியுங்கள், உதறிவிட்டு ஓட முடியாது. பள்ளத்தின் பக்கம் நீங்கள், உள்பக்கம் பையன். போட்டோ எடுப்பவர் ஒருவர், பிடிப்பவர் ஒருவர், ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. கம்பித் தடுப்பு போட்ட காட்சி மேடைகளில் நின்று பார்த்தாலே அவனுக்குப் போதும்.

சக்கரவீடு

முகாமைப் பற்றி இரண்டு சேர்க்கிறேன். ஆர்.வி.யைப் பின்னால் எடுக்கும்போதும், ஸ்லைடை (பக்கவாட்டில் நீளும் அறைப்பகுதி) வெளியே தள்ளும்போதும், பையன் காரில் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் பாட்டி இருக்க வேண்டும். வண்டியின் வெளிப்பக்கத்தில் ஃபர்னஸ் புகைவாயும் வெந்நீர் ஹீட்டர் மூடியும் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும், தொட்டால் தோல் உரியும். வந்திறங்கியதும் அவனைக் கூட்டிப்போய் அந்த இரண்டையும் காட்டிவிடுங்கள்.

காட்டன்வுட்டில் தீமூட்டினால் அணைந்ததுபோலத் தெரியும் சாம்பலை நம்பாதீர்கள். மேலே வெறும் சாம்பலாகக் கிடந்தாலும் அடியில் மறுநாள் காலைவரை கங்கு இருக்கும், பிள்ளைகள் வெறுங்காலோடு மிதிப்பது அப்போதுதான். படுக்கப் போவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் இன்னொரு வாளி.