பாரிமுனை நடைக்குப் பேச ஆள் தேவை

சென்னை பாரிமுனையில் குடிபெயர்வு வரலாறு சொல்லும் நடைக்கு, 1964க்குப் பின் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தினர் ஒருவர் தேவை. கப்பல் பயணம், முகாம், பர்மா பஜாரில் கடை போட்டது பற்றி. பத்து நிமிடம் பேசினால் போதும்.

நேரம்தான் இடிக்கிறது. 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயத்தைப் பகலில்தான் பார்க்க முடியும். (ஆர்மீனியன் தெரு நம் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது, அதையே அரைமணி நேரம் பேசலாம்!) அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளோ சாயங்காலம்தான் களைகட்டும். இரண்டு வேளையாகப் பிரிக்கலாமா?

ராயபுரம் பார்சி கோயிலுக்குள் மற்றவர்களுக்கு அனுமதியில்லை. வாசலில் நின்றே விளக்குவோம். ராஜாஜி சாலை இரைச்சலில் 15 பேருக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்குக் காது கேட்காது. இடுப்பில் மாட்டும் மைக் செட் இரவல் கிடைக்குமா? சௌகார்பேட்டைக்கு மார்வாடி, குஜராத்தி பேசத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.