மூன்று பேர் இருக்கும் வாடகை வீட்டில் ஒரு அறை என் ஆபீஸ், வரியில் கழிக்கலாமா?

கேள்வி (வேளச்சேரிவாசி):
நண்பர்கள் மூன்று பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம், வாடகை 27,000. அவர்கள் இருவரும் கம்பெனி வேலை, நான் ஃப்ரீலான்ஸாக ஆப் எழுதிக் கொடுக்கிறேன். பால்கனி பக்கத்துச் சின்ன அறையை நான் மட்டும் ஆபீஸாக வைத்திருப்பதால் என் பங்கு 11,000, அவர்களுக்குத் தலா 8,000. அக்ரிமென்ட் ஒரு நண்பன் பெயரில், நான் அவனுக்கு ஜிபேயில் போட்டுவிடுவேன். 2025-26இல் வரவு 14 லட்சம். அறை வாடகை, இன்டர்நெட், கரன்ட் பில்லைச் செலவாகக் காட்டலாமா?

கணக்குப்பிள்ளை:
வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் (ஃப்ரீலான்ஸ் போன்ற தொழில்காரர்களுக்கான எளிய முறை) தாக்கல் செய்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வரவில் பாதியை லாபமாகக் காட்டுகிறீர்கள், மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது, அதற்கு மேல் வாடகை, லேப்டாப் தேய்மானம் என்று ஒரு ரூபாய் கழிக்க முடியாது. வீட்டிலிருந்து ஆப் எழுதுகிறவருக்கு நிஜமாகவே 7 லட்சம் செலவு வருமா என்ன?

மாடிவீடு:
கணக்குப் புத்தகம் எழுதி நிஜச் செலவு காட்டினால் தொழிலுக்குப் பயன்படும் பகுதியின் வாடகை கழியும், ஆனால் 11,000 முழுதும் இல்லை, நீங்கள் தூங்குகிற இடமும் அதில்தானே சேர்த்தி. சதுர அடி பார்த்துப் பிரிக்கணும். லாபத்தைப் பாதிக்குக் கீழே காட்டினால் ஆடிட் வேறு.

அப்புறம், அந்த நண்பர் 27,000த்தையும் எச்ஆர்ஏவுக்கு (கம்பெனி தரும் வீட்டு வாடகைப்படிக்கான வரிவிலக்கு) காட்டுகிறாரா என்று கேளுங்கள். எங்கள் ரூமில் அதுதான் நடந்தது. ஓனர் கையெழுத்துப் போட்ட 12 ரசீதும் அவன் பெயரில், என்னிடம் இருந்தது ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும், அதிலும் இரண்டு மாதம் "ரென்ட் + பிரியாணி" என்று நோட்!

வேளச்சேரிவாசி:
கேட்டேன். முழுதும்தான் காட்டியிருக்கிறான். எனக்கு எச்ஆர்ஏ கிடையாதே, அப்படிப்பட்டவர்கள் வாடகையைக் கழிக்கிற 80ஜிஜி பிரிவு கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை:
பழைய வரிமுறையில் மட்டும். குடியிருக்கும் பங்கை 8,000 என்று வைத்தால் வருடம் 96,000, அதில் உங்கள் 7 லட்ச வருமானத்தில் 10 சதவீதமான 70,000 போனால் மிச்சம் 26,000. அவ்வளவுதான் கழியும். புதிய முறையிலோ 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருக்கிறது, வேறு வருமானம் இல்லையென்றால் உங்கள் 7 லட்சத்துக்கு வரியே பூஜ்யம். நண்பரை மட்டும் அவர் நிஜமாகக் கொடுக்கிற 8,000த்துக்கே கணக்குக் காட்டச் சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி:
சரி ப்ரோ. நேற்றே டேப் வாங்கி அறையை அளந்துவிட்டேன், 84 சதுர அடி.