வம்சாவளிக் கோப்பைப் படிக்க சி லைப்ரரியா, சொந்த நிரலா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்கள் சித்தப்பா வருடக்கணக்கில் உட்கார்ந்து வகையறா முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அந்த மென்பொருள் இப்போது எந்த மெஷினிலும் ஓடாது, மிஞ்சியது ஒரு கெட்காம் கோப்பு மட்டும், அதாவது வம்சாவளி விவரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பொது வடிவக் கோப்பு. அதைப் பிரித்துப் படிக்க (அந்த வேலையைச் செய்வதுதான் பார்சர்), யாரோ எழுதி வைத்த கெட்காம் பார்சர் லைப்ரரியை என் சி மொழி நிரலில் சேர்த்திருக்கிறேன். நபர் பதிவோ குடும்பப் பதிவோ வரும்போது நாம் கொடுத்த ஃபங்ஷனைக் கூப்பிடும், எழுத்துச் சரங்களை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித் தரும். ஆளுக்கொரு பார்சர் எழுதுவதை விட்டுவிட்டு எல்லோரும் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

நகரி தறி:
எனக்கு ஒப்புதல் இல்லை அண்ணே. அந்த லைப்ரரி கெட்காமின் 5.5 தரத்துக்கு எழுதியது, அந்தத் தரம் 1996-இல் வந்தது. 2021-இல் 7.0 வந்துவிட்டது. கெட்காம் வரி என்ன கம்பசூத்திரமா? முதலில் ஒரு எண், அப்புறம் குறிச்சொல், அப்புறம் மதிப்பு. எண் 0 என்றால் புதுப் பதிவு, 1 என்றால் அதற்குள் இருப்பது, 2 என்றால் இன்னும் உள்ளே. ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடலாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வரியைப் பிரிக்கத் தெரிந்தால் போதாது தம்பி. ஆன்செல் என்ற பழைய எழுத்துமுறையில் உச்சரிப்புக் குறி எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால் வரும். அதை மாற்றிப் போடுவதற்கே உங்கள் சாயங்காலம் சரியாகிவிடும். தேதியில் "சுமார்", "முன்", "இடையே" என்று எத்தனை வகை! இதையெல்லாம் ஒருவர் செய்து வைத்திருக்கும்போது ஏன் திரும்பச் செய்ய வேண்டும்?

நகரி தறி:
தமிழ்க் கோப்பில் ஆன்செல் எங்கே வரும்? நம் பிரச்சினை வேறு. ஒரு வரி 255 எழுத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கான்க் என்ற குறிச்சொல்லோடு அடுத்த வரியில் தொடர வேண்டும். பல மென்பொருட்கள் அங்கே எழுத்தை எண்ணாமல் பைட்டை (கணினி சேமிக்கும் சிறு அலகை) எண்ணி வெட்டுகின்றன. தமிழில் ஒரு "ழ" மூன்று பைட். வெட்டு நடுவில் விழுந்தால் முதல் பைட் மேல் வரியிலும் மிச்சம் இரண்டு கீழ் வரியிலும் போய் உட்காரும், தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வரியுமே செல்லாத யூடிஎஃப்-8. வரிக்கு வரி எழுத்துமுறையைச் சரிபார்க்கும் எந்த லைப்ரரியும் அங்கே தவறு என்றுதான் சொல்லும். உங்களுடையது, நாம் மாற்றாவிட்டால், முதல் தவறிலேயே நின்றுவிடும். சொந்த நிரலில் பைட்டுகளை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் எழுத்தாகப் படிக்கிறேன், "ழ" முழுசாக வருகிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நின்றுவிடாமல் தொடரச் சொல்ல ஒரே ஒரு அழைப்பு போதும். ஆனால் உடைந்த எழுத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான்.

களியக்காவிளை டீச்சர்:
எங்கள் பக்கம் 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 வரை திருக்கொச்சி. பழைய பத்திரங்களில் எல்லாம் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக்கணக்குதான். கெட்காமுக்குத் தெரிந்த காலண்டர்களில் கிரிகோரியன் உண்டு, ஜூலியன் உண்டு, யூதர் காலண்டர் உண்டு, பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டர்கூட உண்டு, கொல்லம் மட்டும் கிடையாது. "1100 ஆவணி" என்று அப்படியே போட்டால், வெறும் எண்ணைப் பிடுங்கும் நிரல் அந்தப் பாட்டியைச் சோழர் காலத்துக்கு அனுப்பிவிடும், உண்மையில் அது 1924. இதற்குத் தரத்திலேயே வழி இருக்கிறது: கணித்த ஆங்கிலத் தேதியைப் போட்டு, பத்திரத்தில் இருந்ததை அடைப்புக்குறிக்குள் அப்படியே எழுதலாம். லைப்ரரி இரண்டையும் பிரித்துத் தருகிறது. ஒரு சாயங்காலப் பார்சரில் இதை எத்தனை பேர் செய்வார்கள்?

நகரி தறி:
நான் செய்வேன் டீச்சர். ஆனால் பெரிய சிக்கல் பார்சரிலேயே இல்லை. எங்கள் ஊரில் அக்கா மகளைக் கட்டுவது சகஜம். அந்தப் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர்களே அம்மாவுக்குத் தாத்தா பாட்டி. பிள்ளையிடமிருந்து மேலே போனால் இரண்டு வழியிலும் அதே தம்பதிதான் வருவார்கள். மரம் என்று நினைத்து ரிகர்ஷனில், அதாவது ஒரே ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து, மேலே போய் ஒவ்வொருவரின் நினைவகத்தையும் ஃப்ரீ செய்தால் அந்தப் பாட்டியின் நினைவகம் இரண்டு முறை விடுவிக்கப்படும், நிரல் அங்கேயே விழும். எந்த லைப்ரரி இதிலிருந்து காப்பாற்றும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
காப்பாற்றாது. கோப்பில் இருப்பதே அடையாள எண்கள்தான், இந்த நபர் இந்தக் குடும்பத்தில் பிள்ளை, அந்தக் குடும்பத்தில் கணவன் என்று. எல்லா நபர்களையும் ஒரே பட்டியலில் வைத்து, உறவை அந்த எண்ணால் மட்டும் காட்டி, கடைசியில் பட்டியலை ஒரே தடவை விடுவிப்பதுதான் வழி. எங்கள் ஊரிலும் மாமன் மகள், அத்தை மகள் என்று இதே முடிச்சுதான். நம் மூளை செலவாக வேண்டியது இங்கே, அதனால்தான் வரி பிரிக்கும் வேலையை லைப்ரரியிடம் விடச் சொல்கிறேன்.

நகரி தறி:
அப்படியானால் கான்க் வரிகளை ஒட்டி, எழுத்து முடியும் இடத்தில் திருப்பி வெட்டும் ஒரு சின்ன நிரலை லைப்ரரிக்கு முன்னால் வையுங்கள். சித்தப்பாவின் கோப்பு முழுசாக உள்ளே போனால் சரி. அப்புறமும் 7.0 கோப்பு ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, அதற்குப் பதில் வேண்டும்.